தீவகத்துப் பனையும் திராட்சை மதுவும்

குறிகட்டுவானிற் படகேறி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் அலைகளிடையே அசைந்து சென்றால் நெடுந்தீவு தென்படும். அத்தீவின் பவளக்கல் வேலிகளையும், ஒல்லாந்தர் காலத்துக் கட்டடங்களையும், கட்டாக்காலிக் குதிரைகளையும் பற்றிப் பலர் எழுதிவிட்டனர். யான் கூறப் புகுவது அங்குள்ள பனையின் பாளையிலிருந்து வடியும் சாற்றைப் பற்றியது.

மேனாட்டார் திராட்சை மதுவைப் பற்றிப் பேசுகையில் 'ஷிராஸ்' என்னும் பெயரைப் பெருமையோடு உச்சரிப்பர். பெயர் பாரசீக நகரொன்றினுடையது; ஆயினும் அக்கருந்திராட்சை தோன்றியது பிரான்சின் தென்கிழக்குப் பகுதியிலேயே என மரபணு ஆய்வாளர் நிறுவியுள்ளனர். இனிப்பு மிகாமல், மிளகை நினைவூட்டும் காரமும் நாவிற்கு மென்மையும் உடைய வகையைச் சுவைஞர் சிலர் தனித்துப் போற்றுவர். நம் விடியற்காலைக் கள்ளும் அத்தகைய மென்மையுடையதே என்பர் பருகியோர். ஆசிரியத் தொழிலில் உள்ளவன் அதற்குமேற் சாட்சி கூறுதல் அழகன்று!

இரு மதுவிற்கும் அடிப்படை ஒன்றே. நுண்ணுயிர்களாகிய நொதிகள் சர்க்கரையைச் சாராயச் சத்தாக மாற்றுகின்றன. திராட்சை மதுவில் அச்சத்து நூற்றுக்கு 12 முதல் 14 பங்கு வரை இருக்கும். தோலின் துவர்ப்பும் சேர்ந்து அதனைப் பல்லாண்டு காக்கும். கள்ளிலோ 4 முதல் 6 பங்கே. முட்டியில் விழுந்த சில மணி நேரத்திற் பொங்கும்; மறுநாட் புளிக்கும்; பின்னர் காடியாகும். ஆதலால் ஷிராஸ் மாகடல்களைக் கடக்கிறது. நெடுந்தீவுக் கள்ளோ ஊர்காவற்றுறைக்குப் போய்ச் சேரு முன்னரே குணம் மாறத் தொடங்கிவிடும். சூடாக்கிப் போத்தலில் அடைத்து நெடுந்தூரம் அனுப்பும் முறை பின்னர் வந்ததே.

முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசிவிட்டால் கதையே வேறு. நொதித்தல் தடைப்படும், கிடைப்பது இனிய கருப்பநீர். அதனைக் காய்ச்சினாற் பனங்கட்டி.

இவ்வளவும் ஒரு மனிதனின் கால்களை நம்பியிருக்கிறது. தளநாரைக் காலிற் பூட்டி, காலையும் மாலையும் மரமேறி, பாளையின் நுனியை மெல்லியதாகச் சீவ வேண்டும். தவறினால் உயிரே போகும். அத்தொழிலாளரைத் தாழ்ந்தோரென ஒதுக்கிய நம் சமூகம், அவர் காய்ச்சிய பனங்கட்டியை மட்டும் ஒதுக்கவில்லை. 1978 இற் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. பின்னர் மூண்ட போரிலோ பதுங்குகுழிகளுக்கென எண்ணற்ற பனைகள் தறிக்கப்பட்டன. இன்று மரங்கள் நிற்கும் இடத்திலும் ஏறுவோர் அருகி வருகின்றனர். பட்டம் பெற்ற மகன் தந்தையின் பாளைக்கத்தியை எடுக்காததில் வியப்பென்ன? மதிப்பும் பாதுகாப்பும் இல்லாத தொழிலை எவர் விரும்புவர்? திராட்சைத் தோட்டக்காரனுக்கு அவன் நாடு தரும் மரியாதையில் ஒரு பங்கேனும் நாம் இவர்களுக்குத் தந்ததில்லை.

தீவகஞ் செல்லும் மாணவர் பருவகாலத்தில், காலைப் படகிலேயே செல்வது நன்று. பனையோலைப் பிளாவிற் கருப்பநீர் வாங்கிப் பருகலாம். உச்சிப்பொழுதிற்கு முன்னரே அது தாச்சியில் ஏறிவிடும்.