அறத்துக்கு எந்தப் பாடவேளை?

யாழ்ப்பாணத்தில் வாள்வெட்டு, போதைப்பொருள் என்று செய்தி வரும்போதெல்லாம், பள்ளிக்கூடங்களில் சமயக்கல்வி தேய்ந்துபோனதே காரணம் என்ற பேச்சும் கூடவே எழுகிறது. அந்தக் கவலை நியாயமானது. காட்டப்படும் காரணம் பொருந்தவில்லை. அரச பாடசாலைகளில் 11ஆம் தரம் வரை சமயம் கட்டாய பாடம். சாதாரண தரப் பரீட்சையில் தாய்மொழிக்கும் கணிதத்துக்கும் உள்ள இடம் சமயத்துக்கும் உண்டு. சைவநெறியோ, கத்தோலிக்கமோ, கிறிஸ்தவமோ, இஸ்லாமோ, பௌத்தமோ, பிள்ளை தன் சமயத்தையே படிக்கலாம். காலைப் பிரார்த்தனை, நாயன்மார் குருபூசை, வாணி விழா, ஒளி விழா என்று ஆண்டு முழுவதும் சமயம் பள்ளியில் நடமாடுகிறது. இத்தனை இடம் கொடுத்த பிறகும் நாம் எதிர்பார்த்த பண்பு விளையவில்லை என்றால், இன்னும் இரண்டு பாடவேளையைக் கூட்டுவதால் அது விளைந்துவிடாது.

சமயமும் கல்வியும் இந்த மண்ணில் பிணைந்தது இன்று நேற்றல்ல. 1816இல் வந்திறங்கிய அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கினார்கள். கணிதமும் வானியலும் தமிழும் ஆங்கிலமும் அங்கே உயர்ந்த தரத்தில் கற்பிக்கப்பட்டன. தமிழறிஞர் சி. வை. தாமோதரம்பிள்ளை அங்கு படித்தவர். ஆனால் பலர் நாடி வந்தது ஆங்கிலத்தையும் அதனால் கிடைக்கும் உத்தியோகத்தையும். மதப்பரப்பல் என்ற நோக்கம் நிறைவேறவில்லை என்று கண்ட மிஷன் 1855இல் அதை மூடியது. இதற்கிடையில், மிஷன் பள்ளியில் பேர்சிவல் பாதிரியாரோடு பணியாற்றிய ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவருடைய பாலபாடங்கள் எழுத்தறிவோடு கொலை, களவு, கள்ளுண்ணல் ஆகியவற்றின் கேட்டையும் கற்பித்தன. 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும் எழுந்தது. எதிரெதிரே நின்ற இரு சாராரும் ஒன்றில் உடன்பட்டிருந்தார்கள்: சமயத்தைக் கற்பித்தால் பிள்ளை நல்லவனாவான்.

அந்த நம்பிக்கைக்குச் சோதனை 1920களின் இறுதியில் வந்தது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் பள்ளியில் வாங்கில் அமர முடியாமல் தரையில் இருத்தப்பட்ட காலம் அது. உதவி நன்கொடை பெறும் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வேண்டும் என்று அரசு வற்புறுத்தியபோது, அதை எதிர்த்து மனுக்கள் எழுதப்பட்டன. சில பள்ளிக்கூடங்கள் தீக்கிரையாயின. எதிர்த்தவர்கள் சமயம் அறியாதவர்களா? தாழ்ந்ததாகக் கருதப்பட்ட பாணர் குலத்தவரான திருநீலகண்ட யாழ்ப்பாணருக்குத் தம் வேள்விச் சாலையிலேயே தங்க இடம் கொடுத்த திருநீலநக்கரின் வரலாறு பெரியபுராணத்தில் இருக்கிறது. அதைப் படனம் செய்து பயன் சொன்ன ஊர்களில்தான் ஒரு பிள்ளைக்கு வாங்கில் இடம் மறுக்கப்பட்டது. கதை காதில் விழுந்துகொண்டிருந்தது. வகுப்பறை வேறொன்றைக் கற்பித்தது. பிள்ளை வகுப்பறையைத்தான் நம்பும். ஹன்டி பேரின்பநாயகம் போன்றோர் வழிநடத்திய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சம ஆசனத்துக்காக நின்றதே அன்றைய மிகப் பெரிய அறப்பாடம்.

அப்படியானால் சமயபாடத்தை எடுத்துவிட்டு ஒழுக்கத்தைத் தனிப் பாடமாக வைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். பிரான்ஸ் 1882இலேயே அரச ஆரம்பப் பள்ளிகளில் சமய போதனையை நீக்கி ஒழுக்கக் கல்வியை வைத்தது. ஜப்பான் 1958 முதல் ஒழுக்கத்துக்கென வாரத்தில் ஒரு மணிநேரம் ஒதுக்கியது. அந்த வழி இங்கே பொருந்தாது என்பதே என் கருத்து. தேவாரமும் வேதாகமமும் குர்ஆனும் நம் பிள்ளைகளின் மொழியிலும் துக்கத்திலும் கலந்தவை. போரில் எல்லாம் இழந்த குடும்பங்களை நிமிர்த்தி வைத்ததில் அவற்றுக்கும் பங்குண்டு. சமயம் இல்லாமல் அறத்துக்கு வேரில்லை என்போரின் வாதத்திலும் உண்மை இருக்கிறது. ஆனால் வேர் மட்டும் போதாது. சமயத்தைப் புள்ளிக்காக மனனம் செய்யும் பாடமாக்கி, ஏ சித்தியோடு அது முடிந்துவிட விடுவது சமயத்துக்கும் நல்லதல்ல, பிள்ளைக்கும் நல்லதல்ல. பரீட்சை இல்லாவிட்டால் யார் படிப்பார்கள் என்ற கேள்வியும் எழும். பரீட்சை இருக்கட்டும். ஆனால் அறத்தைப் பரீட்சை அளந்துவிட்டதாக நாம் நினைக்கக் கூடாது.

அறம் முழுப் பள்ளிக்கூடத்தின் பொறுப்பு. அனுமதிக்காகப் பெற்றோரிடம் மறைமுகமாகப் பணம் வாங்கும் பள்ளி வாய்மையைக் கற்பிக்க முடியாது. பிள்ளையை அடித்துத் திருத்தும் ஆசிரியர் சொல்லும் அன்பு பிள்ளையின் மனதில் ஏறாது. பின்வரிசைப் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்கும் ஆசிரியர், கணித வகுப்பில் நின்றாலும் அறத்தைத்தான் கற்பிக்கிறார். இன்னொன்றும் வேண்டும்: தன் சமயத்தை ஆழமாகக் கற்கும் பிள்ளை, அயலவரின் சமயத்தையும் மரியாதையோடு அறிய வேண்டும். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் முஸ்லிம் மக்களை வடக்கிலிருந்து வெளியேற்றினார்கள். அதன் பின் ஒரு தலைமுறை முஸ்லிம் வகுப்புத் தோழர் இல்லாமலே யாழ்ப்பாணத்தில் வளர்ந்தது. சைவப் பிள்ளை நோன்பு ஏன் என்று அறியவும், முஸ்லிம் பிள்ளை சிவராத்திரி ஏன் என்று அறியவும் சமயபாடத்திலேயே சில பக்கங்கள் ஒதுக்கலாம். அதிபர்களும் ஆசிரியர்களும் பெற்றோரும் பாடவேளையைக் கூட்டக் கேட்பதற்கு முன், தங்கள் பள்ளியில் எந்தப் பிள்ளை இன்னும் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளைக்குச் சமமான இடம் கொடுப்பதிலிருந்துதான் அறக்கல்வி தொடங்க வேண்டும்.