ஒரு ஜனவரி இரவின் விறகுக் கணக்கு

மாலை 5 மணி

விறகு அடுப்பைத் தணித்து வைத்தால் எத்தனை மணி நேரம் எரியும் என்பதை இரண்டு எண்கள் முடிவு செய்கின்றன: உள்ளே போன விறகு எத்தனை கிலோ, மணிக்கு எரிவது எத்தனை கிலோ. இங்கே பேசப்படுவது சமையல் அடுப்பு அல்ல. குளிர்நாட்டு வீட்டுக் கூடத்தில் நின்று வீட்டையே சூடாக்கும் இரும்பு அடுப்பு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜனவரி இரவுகள் மைனஸ் 15, மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் வரை இறங்குவது வழக்கம். படுக்கப் போகுமுன் அடுக்கிய விறகு விடியும்வரை தாங்க வேண்டும் என்பதே அங்கே அடுப்பு வைத்திருப்பவர்களின் முதல் எதிர்பார்ப்பு. நடுத்தர அளவு அடுப்பு ஒன்றில் அப்படி ஓர் இரவு எப்படிக் கழிகிறது என்பதை மணிவாரியாகச் சொல்வது இந்தக் குறிப்பு.

அடுப்பின் எரியறை 2 கன அடி, அதாவது சுமார் 57 லிட்டர். கதவின் விளிம்பில் கயிறு போன்ற அடைப்பு உண்டு. மூடினால் காற்று கசியாது. உள்ளே போகும் காற்றின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு நெம்புகோல். இணைப்புகளில் காற்று கசிந்த பழைய அடுப்புகள் நடு இரவிலேயே எரிந்து தீர்ந்துவிடும். 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு விறகுக்கு மவுசு கூடியபோது, காற்றுப் புகாத அடுப்புகள் பரவலாயின. வெர்மான்டின் ராண்டால்ஃப் ஊரில் 1975-இல் தொடங்கிய வெர்மான்ட் காஸ்டிங்ஸ் அந்த அலையில் எழுந்த நிறுவனம். இரவு முழுக்க எரியும் அடுப்பு சாதாரண வீடுகளிலும் பரவலானது அப்போதுதான்.

மாலை 7 மணி

விறகைத் தேர்ந்தெடுக்கும் நேரம். ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்கும் ஒரு கிலோ விறகில் ஏறக்குறைய 4 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் இருக்கிறது. ஓக்கோ பைனோ, எடைக்கு எடை பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் எரியறை அளக்கப்படுவது எடையால் அல்ல, கொள்ளளவால். அடர்த்தியான ஓக், மேப்பிள் மரங்களில் ஒரே இடத்துக்குள் அதிக கிலோ அடங்கும்; பைனில் குறைவாகவே அடங்கும். இரவுக்குக் கெட்டி மரத்தை ஒதுக்கி வைப்பதன் காரணம் இதுதான்.

பச்சை விறகில் பாதிக்குப் பாதி தண்ணீராகக்கூட இருக்கலாம். அந்தத் தண்ணீரை ஆவியாக்கச் செலவாகும் வெப்பத்தைவிட, அதனால் தீ குளிர்ந்து புகை எரியாமலே வெளியேறுவதுதான் பெரிய நஷ்டம். ஓக் பிளந்து அடுக்கிய பிறகு உலர இரண்டு கோடை ஆகும். ஈரமானி வைத்திருப்பவர்கள் கட்டையைப் புதிதாகப் பிளந்து, உள்முகத்தில்தான் ஊசியைக் குத்துவார்கள். வெளிப்பக்கம் எப்போதும் காய்ந்ததாகவே காட்டும்.

இரவு 9 மணி

மாலைத் தீ தணலாகிவிட்டது. தணலைக் கம்பியால் கதவுப் பக்கம் இழுத்துவிட்டு, பின்னால் தடித்த கட்டைகளை இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். சிறு சிராய்களுக்கு மேற்பரப்பு அதிகம்; எல்லாம் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். தடித்த கட்டைகளோ நெருங்கிக் கிடந்து, முன்பக்கம் தொடங்கிப் பின்னோக்கி மெல்ல எரியும். இந்த எரியறையில் அப்படி அடங்குவது சுமார் 11 கிலோ.

அடுக்கியதும் காற்றைக் குறைப்பதில்லை. முதல் 15, 20 நிமிடம் நெம்புகோல் முழுத் திறப்பில் இருக்கும். கட்டைகளின் மேல்தோல் கரியாகி, மேல்தகடு 250 டிகிரியைத் தொட்ட பிறகுதான் படிப்படியாகக் குறைப்பார்கள். எடுத்த எடுப்பில் மூடினால் தீ அடங்கிப் புகையும். இரவு முழுக்க அந்தப் புகை ஓயாது.

இரவு 10 மணி

நெம்புகோல் கடைசித் தணிப்பு நிலைக்கு வருகிறது. காய்ந்த விறகின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் சூட்டில் வாயுவாக வெளியேறுகிறது. கரியாக எஞ்சுவது மீதிதான். வெறும் கண்ணுக்குப் புகையாகத் தெரியும் அந்த வாயு எரிய ஏறத்தாழ 600 டிகிரி வெப்பமும், மேலிருந்து கொஞ்சம் புதிய காற்றும் தேவை. நெம்புகோல் குறைப்பது கீழ்க்காற்றை மட்டுமே. எரியறையின் கூரையை ஒட்டி ஓடும் துளையிட்ட குழாய்கள் வழியே சூடேறிய மேற்காற்று தொடர்ந்து வருகிறது.

கண்ணாடி வழியே பார்த்தால் இது நன்றாகத் தெரியும். கட்டைகளின் மேல் சுடர் அநேகமாக இல்லை. ஒரு சாண் மேலே, குழாய்த் துளைகளின் கீழ், எதிலும் ஒட்டாத சுடர்கள் மெதுவாக அலைகின்றன. சில மறைந்து வேறு துளையில் தோன்றுகின்றன. தணிந்த எரிப்பு சரியாக நடப்பதற்கு இதுவே அடையாளம். சுடர் அணைந்து கண்ணாடி பழுப்பேறத் தொடங்கினால் காற்று போதவில்லை என்று பொருள்.

வேறொரு வகை அடுப்பில் புகை, பிளாட்டினமோ பலேடியமோ பூசிய தேன்கூட்டு வடிவ வினையூக்கி வழியே போகிறது. அங்கே புகை எரிய 260 டிகிரி அளவே போதும். ஆகவே வினையூக்கி உள்ள அடுப்பை இன்னும் தணிவாக, இன்னும் நெடுநேரம் எரிக்கலாம்.

நள்ளிரவு 12 மணி

இப்போது கணக்கு. 11 கிலோ விறகில் 44 யூனிட் வெப்பம். அதில் முக்கால் பங்கு வீட்டுக்குள் வந்தால் 33 யூனிட். தணிந்த நிலையில் அடுப்பு சராசரியாக 4 கிலோவாட் தருகிறது என்றால் 8 மணி நேரம் வரும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் சோதனை முறையும் இதே போக்கில்தான் அளக்கிறது: அடுப்பைத் தராசின் மேல் நிறுத்தி, மணிக்கு எத்தனை கிலோ உலர் விறகு குறைகிறது என்று பார்ப்பார்கள். அந்த முறையின் மிகத் தணிந்த வகை மணிக்கு 0.8 கிலோவுக்குக் கீழ்.

எட்டு மணி நேரமும் சூடு ஒரே சீராக வருவதில்லை. வாயு எரியும் முதல் மூன்று, நான்கு மணி நேரத்தில் பாதிக்கு மேல் வந்துவிடும். மீதி கரியிலிருந்து மெதுவாக வரும். இதைச் சமன்படுத்தும் அடுப்புகளும் உண்டு. பிளேஸ் கிங் நிறுவனத்தின் வினையூக்கி அடுப்புகளில், சூட்டுக்கேற்ப வளையும் ஈருலோகச் சுருள் காற்றுத் திறப்பைத் தானே கூட்டிக் குறைக்கிறது. 4 கன அடிக்கு மேற்பட்ட எரியறை கொண்ட பெரிய அடுப்புக்கு 40 மணி நேரம் வரை என்று அந்நிறுவனம் சொல்கிறது. சுமார் 40 கிலோ விறகை மணிக்கு ஒரு கிலோ வீதம் எரித்தால் வரும் கணக்குதான் அது.

அதிகாலை 2 மணி

காற்றை இன்னும் குறைத்தால் இன்னும் நேரம் கிடைக்குமா? கிடைக்கும், ஆனால் சூடு கிடைக்காது. புகை எரியும் வெப்பத்துக்குக் கீழே போனதும் விறகின் ஆற்றலில் பெரும்பகுதி எரியாத வாயுவாகப் புகைபோக்கி வழியே போகிறது. போகிற வழியில் 120 டிகிரிக்குக் கீழ் குளிரும் இடங்களில் தார் போன்ற கிரியோசோட் படிகிறது. அது தடித்த பிறகு ஒருநாள் தீப்பற்றினால் புகைபோக்கிக்குள் வெப்பம் 1000 டிகிரியைத் தாண்டும். வீடே எரியும் அபாயம் உண்டு.

1970களின் காற்றுப் புகாத அடுப்புகள் இந்தச் சிக்கலைப் பெருக்கின. இரவு முழுக்க மூடி வைத்த அடுப்புகளின் புகை பள்ளத்தாக்கு ஊர்களில் தேங்கி நின்றது. அமெரிக்க மத்திய அரசு 1988-இல் விதி கொண்டுவந்தது. 1990 முதல் வினையூக்கி இல்லாத அடுப்புக்கு மணிக்கு 7.5 கிராம், உள்ளதற்கு 4.1 கிராம் என்று புகைத்துகளுக்கு வரம்பு வந்தது. 2020 மே முதல் வரம்பு 2 கிராம். வழக்கமான பிளந்த விறகால் சோதித்தால் 2.5 கிராம். இதனால் புதிய அடுப்புகளின் நெம்புகோல் முழுதாக மூடாது. ஒரு தடுப்பு எப்போதும் சிறு திறப்பை விட்டுவைக்கும்.

நெம்புகோல் அசையாமல் இருந்தாலும் நேரம் மாறும். வெளியே குளிர் கூடக்கூடப் புகைபோக்கியின் இழுப்பு கூடும். உயரமான புகைபோக்கியிலும் அப்படியே. மைனஸ் 20 டிகிரி இரவில் 7 மணி நேரம் தாங்கும் விறகு, மார்ச் மாதத்து மிதமான இரவில் இன்னும் ஓரிரு மணி கூடத் தாங்கலாம். இழுப்பு குறைந்த இரவில் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பும் ஆபத்து இருப்பதால், எச்சரிக்கைக் கருவி கட்டாயம் வேண்டும்.

அதிகாலை 4 மணி

சுடர் அடங்கிவிட்டது, எஞ்சியிருப்பது நீறு பூத்த நெருப்பு. மொத்த வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு இந்தக் கரியில் இருக்கிறது. மேல்தகடு 150 டிகிரிக்குக் கீழ் இறங்க, வீடும் மெல்லக் குளிர்கிறது.

‘எத்தனை மணி நேரம்’ என்ற கேள்விக்குப் பல விடைகள் வருவது இங்கேதான். சுடர் தெரியும் நேரம் ஒன்று. அறைக்குப் போதுமான சூடு வரும் நேரம் ஒன்று. தீக்குச்சி இல்லாமல் மறுபடி பற்றவைக்கத் தணல் மிஞ்சும் நேரம் இன்னொன்று. விளம்பரங்களில் வருவது பெரும்பாலும் கடைசி எண்.

காலை 6 மணி

சாம்பலைக் கிளறினால் கீழே சிவந்த கங்குகள். அவற்றை முன்னால் இழுத்து, காற்றை முழுதாகத் திறந்து, இரண்டு சிராய் வைத்தால் சில நிமிடங்களில் பற்றிக்கொள்ளும். சாம்பலில் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் அளவு உள்ளேயே இருக்கலாம். கங்கு அதில் பத்திரமாக இருக்கும். அள்ளும் சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வீட்டுக்கு வெளியே வைக்க வேண்டும். அதற்குள் கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும்.

காய்ந்த கெட்டி விறகு, சரியான தணிப்பு என்று வைத்துக்கொண்டால் பொதுவான அளவுகள் இவை: ஒன்றரை கன அடிக்கு உட்பட்ட சிறிய அடுப்பு 3 முதல் 5 மணி, 2 கன அடி அடுப்பு 6 முதல் 8 மணி, 3 கன அடி அடுப்பு 8 முதல் 12 மணி, வினையூக்கியும் தானியங்கிக் காற்றுத் திறப்பும் உள்ள பெரிய அடுப்பு 20 மணிக்கு மேல். இதைவிட நெடுநேரச் சூடு தேவைப்படும் ஃபின்லாந்து போன்ற நாடுகளில் வழியே வேறு. செங்கல்லாலோ மாக்கல்லாலோ கட்டிய கனத்த அடுப்பில் இரண்டு மணி நேரம் தீயைத் தணிக்காமல் எரித்து, கல் உறிஞ்சிய சூட்டை அரை நாள் முதல் ஒரு நாள் வரை வாங்கிக்கொள்வார்கள்.

இரும்பு அடுப்பில் எவ்வளவு தணிக்கலாம் என்பதை முற்றத்தில் நின்று பார்த்தே சொல்லிவிடலாம். விறகு பற்றி அரை மணி கழித்துப் புகைபோக்கியின் வாயில் வெறும் ஆவி மட்டும் தெரிந்தால் தணிப்பு சரி; நீலமாகவோ சாம்பல் நிறமாகவோ புகை நீண்டு போனால் நெம்புகோலை ஒரு படி திறக்க வேண்டும்.