சிவப்புக் கதவுகளின் பின்னே

திருவள்ளூரிலிருந்து ஆவடி செல்லும் சாலையில், நகரத்தின் இரைச்சல் அடங்குமுன்பே காக்களூர் தொடங்கிவிடுகிறது. சென்னையிலிருந்து புகைவண்டியில் வருவோர் திருவள்ளூரிலோ, அதற்கு முந்திய புட்லூரிலோ இறங்கிக்கொள்ளலாம். இவ்வூரைக் காண்பதற்கென்று எவரும் பயணம் புறப்படுவதில்லை. ஓர் ஏரி, ஆவின் பால் பண்ணை, சிறுதொழில்களுக்கென அரசு அமைத்த சிட்கோ தொழிற்பேட்டை, அதையொட்டிப் பெருகிய குடியிருப்புகள் ஆகியவையே இங்குள்ளவை. ஆயினும் நான் ஒரு பயணக் கட்டுரை எழுதத் துணிந்திருப்பது இவ்வூரைப் பற்றித்தான்.

தொழிற்பேட்டையின் தெருக்களில் நடப்பவருக்கு முதலில் எதிர்ப்படுவது வாசனை. ஒரு சுவரைக் கடந்தால் எண்ணெய், அடுத்ததைக் கடந்தால் இரும்பு, இன்னொன்றைக் கடந்தால் தின்னரின் நெடி. 2024ஆம் ஆண்டு மே மாத இறுதியில் இங்கிருந்த பெயிண்ட் தொழிற்சாலை ஒன்றில் தீப்பற்றி, பீப்பாய்கள் வெடித்துச் சிதறி, உயிர்கள் பலியாயின. வயிற்றுப்பாட்டுக்காகக் காலையில் வீட்டை விட்டுச் சென்றவர்கள் மாலையில் திரும்பவில்லை. அவ்வாண்டுக்குப் பின் நான் இந்தத் தெருக்களில் நடக்கும்போதெல்லாம் சுவர்களை விட்டுவிட்டுத் தெருவின் அகலத்தையே அளந்துகொண்டு நடக்கிறேன். அதற்கு எனக்கு வேறொரு காரணமும் உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன்.

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 14 முதல் 20 வரை நாடெங்கும் தீயணைப்புப் பணி வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்த நாட்களில் ஒருநாள், மதரஸா மாணவர்கள் பதினெட்டுப் பேரை அழைத்துக்கொண்டு எங்கள் வட்டாரத் தீயணைப்பு நிலையத்துக்குச் சென்றிருந்தேன். ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிட்ட தீயணைப்போர் ஒருவர் எங்களை வரவேற்றுச் சுற்றிக் காட்டினார்.

தீயணைப்பு நிலையம் என்பது வேறெந்தக் கட்டடத்தையும் போன்றதன்று. பள்ளிவாசல் கிப்லாவை நோக்கிக் கட்டப்படுகிறது. வீடு காற்றையும் வெளிச்சத்தையும் நோக்கிக் கட்டப்படுகிறது. இந்தக் கட்டடமோ சாலையை நோக்கியே கட்டப்படுகிறது. முகப்பில் ஆளுயரத்தைப் போல் இருமடங்கு உயரமான சிவப்புக் கதவுகள். அவற்றின் பின்னே, மூக்கைச் சாலைப் பக்கம் நீட்டியவாறு வண்டிகள் நிற்கின்றன. பின்னோக்கி எடுத்துத் திருப்பும் வேலைக்கு அங்கே நேரமில்லை. பக்கத்திலேயே கண்காணிப்பு அறை. 101 என்ற எண்ணுக்கு வரும் அழைப்பை ஏற்பவர் இரவும் பகலும் அங்கே விழித்திருக்கிறார். மணி அடித்ததும் ஓடிவர வேண்டியவர்கள் தங்குமிடமும் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கும். பழைய நாளில் மேல்மாடியில் உறங்கியவர்கள் படிகளில் இறங்கும் நேரத்தையும் மிச்சப்படுத்த எண்ணி, 1878ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகர நிலையம் ஒன்றில் தரையில் துளையிட்டு ஒரு கம்பத்தை நட்டு, அதில் வழுக்கி இறங்கினார்கள். அது பின்னர் உலகெங்கும் பரவியது.

முற்றத்தில் நின்ற ஒரு கோபுரத்தைக் காட்டி, “ஹஜ்ரத், இது மினாரா?” என்று கேட்டான் சிறுவன் ஒருவன். எல்லோரும் சிரித்தோம். கேள்வி என்னவோ சரியான கேள்விதான். முற்காலத் தீயணைப்புக் குழாய்கள் கித்தான் துணியால் ஆனவை. நனைந்த குழாயை அப்படியே சுருட்டி வைத்தால் உளுத்துப் போகும். ஆகவே உயரத்திலிருந்து தொங்கவிட்டு உலர்த்தினார்கள். உள்ளே ரப்பர் பூசிய குழாய்கள் வந்துவிட்ட பின் அந்தத் தேவை குறைந்தாலும், ஏணி ஏறவும் மாடியிலிருந்து ஆளை இறக்கவும் பயிற்சி பெறும் இடமாகக் கோபுரம் பல நிலையங்களில் நீடிக்கிறது.

கோபுரத்தைக் கண்டதும் என் நினைவு இஸ்தான்பூலுக்குச் சென்றது. மரவீடுகள் நெருங்கிய அந்நகரம் மீண்டும் மீண்டும் எரிந்து எழுந்த நகரம். பிரெஞ்சு நாட்டிலிருந்து வந்து இஸ்லாத்தைத் தழுவிய தாவூத் என்பவர் அங்கே கையால் இயக்கும் நீரிறைக்கும் பொறி ஒன்றைச் செய்து காட்டினார். சுல்தான் மூன்றாம் அஹ்மது காலத்தில், 1720ஆம் ஆண்டு, அவர் தலைமையிலேயே ஒரு தீயணைப்புப் படை நிறுவப்பட்டது. பொறியைத் துருக்கியர் ‘துலும்பா’ என்றனர். அதைத் தோளில் சுமந்து சந்துகளில் ஓடியவர்கள் ‘துலும்பாஜி’கள். நகரத்தைக் காவல் காக்கக் கோபுரங்களும் இருந்தன. ஜெனோவா நாட்டு வணிகர்கள் 1348இல் எழுப்பிய கலாட்டா கோபுரம் பிற்காலத்தில் தீக்காவல் கோபுரமாயிற்று. இதில் ஒரு வேடிக்கை: காவல் காத்த அந்தக் கோபுரமே இருமுறை தீயில் சிக்கியது. சுல்தான் இரண்டாம் மஹ்மூது 1828இல் பாயஸீதுப் பகுதியில் கல்லாலான காவல் கோபுரத்தை எழுப்பினார். எங்கேனும் புகை தெரிந்தால் பகலில் கூடைகளையும் இரவில் விளக்குகளையும் தொங்கவிட்டு ஊருக்கு அறிவிப்பார்கள்.

மாணவர்களை அதிகம் கவர்ந்தது வண்டிதான். எனக்கோ அந்த வண்டியின் கணக்கு வியப்பூட்டியது. வழக்கமான தண்ணீர் வண்டி ஒன்றின் கொள்ளளவு 4,500 லிட்டர். லாரியின் எஞ்சினே அதன் பம்பையும் சுழற்றுகிறது. அந்தப் பம்பு முழு வேகத்தில் நிமிடத்துக்கு 1,800 லிட்டர் நீரைத் தள்ள வல்லது. “அப்படியானால் எத்தனை நிமிடம் வரும், கணக்குப் போடுங்கள் தம்பி” என்றார் அந்தப் பெரியவர். இரண்டரை நிமிடம் என்று கண்டுபிடித்ததும் மாணவர்கள் முகத்தில் ஏமாற்றம். சிக்கனமாக ஒரே குழாயில் விட்டாலும் பத்து நிமிடத்தைத் தாண்டுவது அரிது.

அவர் என் பக்கம் திரும்பினார். “வண்டியில் வருவது முதல் தண்ணீர் மட்டும்தான் பாய். அடுத்த தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று வழியெல்லாம் பார்த்துக்கொண்டேதான் வருவோம்.”

அடுத்த தண்ணீர் என்றால் ஏரி, குளம், கிணறு, தொழிற்சாலையின் தரைத்தொட்டி. வண்டியின் பக்கவாட்டில் கட்டியிருக்கும் தடித்த உறிஞ்சுகுழாயை நீரில் இறக்கி எடுக்கிறார்கள். உறிஞ்சுகுழாய் என்று பெயர் இருந்தாலும் உண்மையில் பம்பு உறிஞ்சுவதில்லை. குழாயிலுள்ள காற்றை அது வெளியேற்றுகிறது; வெளியிலுள்ள காற்றின் அழுத்தமே நீரை மேலே தள்ளுகிறது. அந்த அழுத்தத்தால் ஏறத்தாழ பத்து மீட்டருக்கு மேல் நீரை உயர்த்த முடியாது. நடைமுறையில் ஏழு மீட்டரே பெரிது. கோடையில் கிணற்று நீர் அதற்குக் கீழே போய்விட்டால், கரையில் நிற்கும் வண்டி நீரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஆகவே ஓர் ஊரின் ஏரி மீனுக்கும் பயிருக்கும் மட்டும் உரியதன்று. காக்களூர் ஏரியில் கொட்டப்படும் ஒவ்வொரு கூடைக் குப்பையும் ஒரு தீயணைப்பு வண்டியின் தண்ணீரைக் குறைக்கிறது.

பெயிண்ட், தின்னர் போன்றவை எரியும்போது வெறும் நீர் போதாது. அவற்றிலுள்ள கரைப்பான்கள் பெரும்பாலும் நீரைவிட இலேசானவை. நீரின்மேல் மிதந்துகொண்டே எரியும். ஓடும் நீரோடு தீயும் ஓடும். மூடிய பீப்பாய் சூடேறினால் உள்ளே ஆவி பெருகி வெடிக்கிறது. இத்தகைய தீக்கு நுரை வேண்டும். நுரை திரவத்தின் மேல் போர்வைபோலப் படர்ந்து காற்றைத் தடுக்கிறது. அந்த நுரையிலும் நூற்றுக்கு மூன்று அல்லது ஆறு பங்குதான் மருந்து, எஞ்சியதெல்லாம் நீர். சுற்றிச் சுற்றி நீருக்கே வந்து நிற்கிறது பேச்சு.

நம் மாநிலத்தில் இப்பணியின் வரலாறு 1908இல் சென்னை நகரத் தீயணைப்புப் படையுடன் தொடங்குகிறது. 1967இல் அது தனித்துறையாயிற்று. 1985இல் தமிழ்நாடு தீயணைப்புப் பணிச் சட்டம் இயற்றப்பட்டது. இன்று ‘தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள்’ என்று பெயர்ப்பலகை கூறுகிறது. அந்த ‘மீட்பு’ என்ற சொல்லுக்குள் கிணற்றில் விழுந்த பசு, சமையலறைக்குள் நுழைந்த பாம்பு, வெள்ளத்தில் சிக்கிய கிழவி எல்லாமே அடக்கம். 2003இல் அதிகாரிகளாகப் பெண்களும் இத்துறைக்குள் வந்தனர். அவர்களுள் ஒருவரான பிரியா ரவிச்சந்திரனின் பெயரை நம் சமுதாயம் நினைவில் கொள்ள வேண்டிய காரணம் ஒன்றுண்டு.

சென்னைச் சேப்பாக்கத்தில் ஆற்காட்டு நவாப் முஹம்மது அலீ வாலாஜா 1768ஆம் ஆண்டு வாக்கில் எழுப்பிய மாளிகையின் ஒரு பகுதி கலச மஹால். நவாபுகளின் ஆட்சியுரிமை 1855இல் முடிந்தபின் மாளிகை அரசின் கைக்குச் சென்று, அறைகளெல்லாம் அலுவலகங்களாயின. செங்கல், சுண்ணாம்பு, தேக்கு உத்தரம் இவற்றாலான கட்டடத்தில் நூற்றாண்டுக் காகிதங்கள் அடுக்கப்பட்டிருந்தன. 2012 ஜனவரி 16 அதிகாலையில் அங்கே தீப்பிடித்தது. அணைக்க உள்ளே சென்றவர்கள்மீது கூரை இடிந்து விழுந்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் உயிர் நீத்தார். பிரியா ரவிச்சந்திரன் கடும் தீக்காயங்களுடன் மீண்டார். நம் முன்னோரின் மாளிகையைக் காக்கப் போய் மாண்டவர் நம் மார்க்கத்தவர் அல்லர். அம்மாளிகை பின்னர் பொதுப்பணித்துறையால் அழகுறப் புதுப்பிக்கப்பட்டு நிற்கிறது. பார்க்கச் செல்வோர் வளைவுகளையும் தூண்களையும் வியக்கும்போது அந்த அதிகாலையையும் ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம்.

ஏப்ரல் 14 என்ற நாளுக்கும் இத்தகைய வரலாறே உண்டு. 1944இல் அந்நாளில் பம்பாய்த் துறைமுகத்தில், பஞ்சுப் பொதிகளும் வெடிமருந்தும் ஒருசேர ஏற்றிய ‘ஃபோர்ட் ஸ்டிகின்’ என்ற கப்பல் தீப்பற்றி வெடித்தது. அணைக்கச் சென்ற 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டார்கள்.

நிலையத்தில் தேநீர் கொடுத்தார்கள். அப்போது மாணவர்களிடம் ஹதீஸ் ஒன்றை நினைவூட்டினேன். மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு குடும்பத்தாருடன் எரிந்துவிட்டது. அச்செய்தி நபி (ஸல்) அவர்களிடம் கூறப்பட்டபோது, நெருப்பு உங்களுக்குப் பகை, உறங்கப் போகுமுன் அதை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் அறிவுறுத்தினார்கள். அபூமூஸா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. அக்காலத்து விளக்குத் திரியின் இடத்தில் இன்று எரிவாயு அடுப்பும் கைப்பேசி மின்னேற்றியும் கொசுவர்த்திச் சுருளும் இருக்கின்றன.

1997ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மினாவில் நேர்ந்ததை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஏப்ரல் 15 அன்று கூடாரங்களில் பற்றிய தீ காற்றோடு பரவி 343 ஹாஜிகளின் உயிரைக் கொண்டது. அல்லாஹ் அவர்கள்மீது அருள்புரிவானாக! அதன்பின் சவூதி அரசு பருத்திக் கூடாரங்களை விடுத்துத் தீப்பற்றாத கண்ணாடியிழைக் கூடாரங்களை நிறுவியது; கூடாரங்களுக்குள் சமைப்பதும் தடுக்கப்பட்டது. இன்று மினாவில் தெரியும் அந்த வெண்ணிற நகரத்தின் அழகு, 1997இன் சாம்பலிலிருந்து வந்தது.

இனி, தெருவின் அகலத்தை நான் அளக்கும் காரணம். சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில், என் உறவினர் வீட்டு நிக்காஹ்வுக்காகத் தெருவை அடைத்துப் பந்தல் போட்டோம். மூங்கிலைப் பிடித்துக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன். வலீமா நாளன்று, பந்தலுக்கு அப்பால் தையல் வேலை செய்து பிழைத்துவந்த விதவைப் பெண்மணி ஒருவரின் கூரைவீட்டில் தீப்பற்றியது. தீயணைப்பு வண்டி விரைந்து வந்துவிட்டது. வந்து, பந்தலுக்கு முன்னால் நின்றுவிட்டது. குழாயோடு குழாய் இணைத்து அவர்கள் இழுத்து ஓடினார்கள். நாங்கள் கயிறுகளை அறுத்தோம். நீர் எட்டுவதற்குள் கூரை விழுந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அவருடைய தையல் இயந்திரம் கருகிக் கிடந்ததை நான் பார்த்தேன். எங்களை அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. புது இயந்திரம் வாங்கிக் கொடுத்தோம். அதில் தைக்க அவர் கொடுத்திருந்த பிறர் துணிகளுக்கு என்ன பதில் சொன்னார் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

இதை அந்தத் தீயணைப்பாளரிடம் சொன்னேன். அவர் வியப்படையவில்லை. பந்தல், அலங்கார வளைவு, நிறுத்திவிட்டுப் போன லாரி என்று விரல்விட்டு எண்ணினார். பிறகு, “உங்கள் மதரஸாவுக்கு எத்தனை வாசல் பாய்?” என்று கேட்டார்.

ஒன்றுதான். ரமளானில் நோன்புக் கஞ்சிக்கு அண்டா ஏற்றுவதும் அந்த வாசலை ஒட்டித்தான். விறகும் சிலிண்டரும் இருப்பதும் அங்கேதான்.

திரும்பும் வழியில் காக்களூர் ஏரிக்கரையில் சற்று நின்றோம். அஸருக்குப் பின்னான வெயில் நீரில் விழுந்து கிடந்தது. மாணவர்கள் கரையிலிருந்து நீர்மட்டம் எத்தனை மீட்டர் இருக்கும் என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலை, குர்ஆன் பாடம் முடிந்ததும், அவர்களுள் இருவர் அளவு நாடாவுடன் வந்து மதரஸா இருக்கும் சந்தை அளந்தார்கள். வளைவில் இருந்த மின்கம்பத்துக்கும் எங்கள் திண்ணைக்கும் இடையே எட்டடி இருந்தது. அந்தத் தண்ணீர் வண்டியின் அகலமும் ஏறத்தாழ அவ்வளவே. ஜமாஅத் நிர்வாகிகளிடம் பேசி, திண்ணையை இரண்டடி உள்ளே தள்ளக் கொத்தனாருக்குச் சொல்லியிருக்கிறோம். பின்புறச் சுவரில் இரண்டாவது வாசல் வைப்பது அடுத்த கூட்டத்தில் பேசப்படும். கஞ்சி அண்டாவை எங்கே மாற்றுவது என்பதில்தான் இன்னும் கருத்து ஒன்றுபடவில்லை.