அச்சன்புதூரில் வீடு கட்டுமுன் வெயிலைப் பாருங்கள்

தென்காசிக்கு வடக்கே, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கிறது அச்சன்புதூர். பண்பொழி திருமலைக் கோயிலும் மேக்கரை அடவிநயினார் அணையும் பக்கம்தான். ஊரைச் சுற்றி வயலும் தென்னந்தோப்பும். ஆனி பிறந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் வந்துவிடும். குற்றாலத்துக்குக் கூட்டம் சேர்க்கும் இந்தச் சாரலைத்தான், மாடியில் சோலார் பேனல் வைக்க நினைப்பவர் முதலில் கணக்கில் எடுக்க வேண்டும்.

வீட்டோடு சேர்த்தே சோலாரைத் திட்டமிடுவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2011இல் அறிவிக்கப்பட்ட முதலமைச்சரின் பசுமை வீடுகள் திட்டத்தில், 300 சதுர அடி வீட்டுக்கு 1.80 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதில் 30,000 ரூபாய் சோலார் விளக்குகளுக்கு. கூடம், படுக்கையறை, சமையலறை, கழிப்பறை, திண்ணை என்று ஐந்து விளக்குகள். மழைநீர் சேகரிப்பும் வரைபடத்திலேயே இருந்தது. கட்டி முடித்த பிறகு யோசிக்காமல், அஸ்திவாரத்துக்கு முன்பே யோசித்ததுதான் அதன் சிறப்பு.

இன்று புது வீடு கட்டுவோரும் அப்படியே செய்யலாம். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். நல்ல வெயில் நாளில் நான்கு யூனிட் வரை கிடைக்கும். சாரல் மாதங்களில் இது குறையும். ஆகவே ஆண்டு முழுவதற்குமாகக் கணக்குப் போடுங்கள்.

அச்சன்புதூரில் சித்திரை முதல் நாளையொட்டி நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். மார்கழியில் தெற்கே சாய்ந்துவிடும். அப்போது ஒன்பதடி உயர மாடிப்படி அறையின் நிழல், உச்சிவேளையிலும் வடக்கே ஆறடி வரை விழும். எனவே மாடிப்படி அறையையும் தண்ணீர்த் தொட்டியையும் மாடியின் வடக்கு ஓரத்தில் வையுங்கள். பேனலைத் தெற்கு நோக்கிப் பத்து டிகிரி அளவுக்குச் சாய்த்தால் போதும். மழை அழுக்கையும் கழுவிவிடும். மேற்கே மலை இருப்பதால் மாலை வெயில் சீக்கிரம் மறையும். காலை வெயில் வரும் கிழக்குப் பக்கத்தைத் திறந்து வைப்பது நல்லது.

காற்றை மறக்க வேண்டாம். கான்கிரீட் போடும்போதே தாங்குகால்களுக்கான போல்ட்டைப் பதித்துவிட்டால், பின்னால் தளத்தைத் துளைக்க வேண்டியதில்லை, ஒழுகலும் வராது. துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டமே துருவைத் தாங்கும். வயர் இறங்கும் பைப், எர்த் குழி, இடிதாங்கி ஆகியவற்றுக்கும் அப்போதே இடம் விடுங்கள். ஓட்டு வீடு என்றால் ஓட்டின் மேல் பாரம் ஏற்றாமல், கைமரத்தில் பிடிமானம் கொடுக்க வேண்டும். கைமரம் உளுத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். பேனல் சூடானால் மின்சாரம் குறையும். அதனால் அடியில் காற்றோட இடைவெளி அவசியம். ஆள் உயரத்துக்குச் சட்டம் தூக்கினால் கீழே துணி உலர்த்தலாம், அறைச் சூடும் தணியும். ஆனால் உயரம் கூடக்கூடக் காற்றின் இழுப்பும் கூடும். சட்டம் அதற்கேற்ற பலத்தில் இருக்க வேண்டும்.

பலரையும் வாட்டும் கேள்வி, காய்க்கிற தென்னையை வெட்டலாமா என்பது. ஒரு மட்டையின் நிழல் பேனலில் ஒரு மூலையில் விழுந்தாலும், அதோடு வரிசையாக இணைந்த மற்ற பேனல்களின் உற்பத்தியும் குறையக்கூடும். அதற்காகப் பலன் தரும் மரத்தை வெட்டுவது நஷ்டம். மாடியின் வேறு மூலையையோ மாட்டுத்தொழுவக் கூரையையோ பாருங்கள். புதிதாக மனை வாங்கியவர், வீட்டுக்குத் தெற்கிலும் கிழக்கிலும் ஒட்டித் தென்னை வைக்காமல் வடக்கே வைக்கலாம்.

2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில், முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும் மூன்றாவதற்கு 18,000 ரூபாயும், ஆக அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு இறங்குங்கள்: பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைத்த சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கவே இந்த ஏற்பாடு. காற்றுக் காலத்தில் இரவிலும் விளக்கு வேண்டுமென்றால், பேட்டரிக்கும் ஒரு மூலையை வரைபடத்திலேயே ஒதுக்கச் சொல்லுங்கள்.