பேரா ஆற்றில் ஒரு பகல்

லயத்துக் குழாயடியில் வாளியோடு காத்திருந்து பழகிய உங்களை இன்று அகலமான ஓர் ஆற்றுக்கு அழைத்துப் போகிறேன், வாருங்கள்.

செண்டரோ அணைக்குக் கீழே, விடிந்ததும் பசியாறிவிட்டு, நானும் மாமாவும் இருவர் அமரும் கயாக்கில் ஏறினோம். மாமா முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். நீந்தத் தெரியாது. மிதவைச் சட்டையின் வாரை மூன்று முறை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

அவசரமாகத் துடுப்புப் போட்ட எனக்கு ஒரு மணி நேரத்தில் தோள் விட்டுப்போயிற்று. மாமாவுடையது வெட்டுக்கத்தி பிடித்த கை. அளவாய் இழுத்தார், களைக்கவில்லை.

மதியம் மணல் திட்டில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். மாமா நீர் ஓரத்தில் ஒரு குச்சியை நட்டார். நான் சிரித்தேன். 1930 முதல் மின்சாரம் தரும் அணையல்லவா? மின்தேவை கூடினால் தண்ணீரை அதிகம் விடுவார்கள். மழையே இல்லாமல் ஆறு ஏறும். சாப்பிட்டு முடிப்பதற்குள் குச்சி மூழ்கிவிட்டது. நான் கட்டாமல் விட்ட கயாக் நகரத் தொடங்கியது. இடுப்பளவு நீரில் இறங்கிக் கயிற்றைப் பிடித்தவர் மாமாதான். நீங்கள் போனால், படகைக் கட்டிவிட்டுச் சோற்றில் கை வையுங்கள்!

1900-இல் கட்டி முடித்த விக்டோரியா இரயில் பாலத்தைத் தாண்டி, கோலகங்சாரில் கரையேறினோம். அங்கே 1877-இல் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று கிழமரமாய் நிற்கிறது. ஈரக் கால்சட்டையோடு மாமா வேலிக்கு வெளியே நின்று, அதன் பட்டையில் வெட்டுத் தழும்பைத் தேடிக்கொண்டிருந்தார்.