உளியும் எழுதுகோலும்

மரவேலை செய்பவரை நம் நாட்டில் 'பாஸ்' என்று அழைக்கிறோம். கெலிஓயாச் சந்தியில் நின்று விசாரித்தால் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒரே சொல்லையே சொல்வார்கள். ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல் அது. தொழிலில் தேர்ந்த தலைவன் என்பது அதன் பொருள். அதே ஒல்லாந்துச் சொல் அமெரிக்காவில் குடியேறி, ஆங்கிலத்தில் முதலாளியைக் குறிக்கும் சொல்லாக மாறியது. அங்கே வேலை வாங்குபவனுக்குக் கிடைத்த பெயர், இங்கே வேலை செய்பவனுக்குக் கிடைத்தது. பெயரளவில் நாம் உழைப்பாளிக்குப் பெரும் மரியாதை செய்துவிட்டோம். ஆனால் நாற்காலியைச் செய்து கொண்டுவந்து வைக்கும் அந்த பாஸிடம், "இதில் சற்று அமருங்கள்" என்று சொல்லும் வீடுகள் எத்தனை?

நான் ஓர் ஆசிரியன். என் வீட்டின் பின்விறாந்தையில் ஆறடி நீளமான ஒரு வேலைமேசை இருக்கிறது. இரண்டு வாள்கள், ஓர் இழைப்புளி, நான்கு உளிகள், ஒரு கொட்டாப்புளி, ஒரு மூலைமட்டம், சாணைக்கல் ஒன்று. இவ்வளவே என் பட்டறை. முதிய பாஸ் ஒருவர் எனக்குத் தொழில் சொல்லித் தந்தார். சனிக்கிழமைகளில் மாணவர்கள் சிலர் வருகிறார்கள்; அவர்களில் இருவர் பெண்கள். வீட்டில் மரவேலை செய்வது ஓய்வுள்ளவனின் பொழுதுபோக்கு என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. ஆனால், அந்த மேசையருகில் நான் கற்றவை கல்வியைப் பற்றியும் சமுதாயத்தைப் பற்றியும் என்னைச் சிந்திக்க வைத்தன. அவற்றைப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்பாடம் மரத்தை அறிவது. வெட்டிய மரத்தின் குறுக்குமுகத்தைப் பார்த்தால் நடுவில் கருத்துச் செறிந்த வைரமும், அதைச் சுற்றி வெளிறிய பகுதியும் தெரியும். வெளிறு பூச்சிக்கு இரை, வைரமே நிலைக்கும். எங்கள் பகுதியின் வீடுகளில் கதவும் கட்டிலும் பெரும்பாலும் பலா மரம். அதன் வைரம் முதலில் மஞ்சளாக இருக்கும். நாளடைவில் வெயிலும் காற்றும் பட்டுச் செம்மண் நிறமாகிவிடும். பிக்குகளின் காவிக்குச் சாயம் எடுத்தது இம்மரத்திலிருந்துதான். உணவும் தந்து பலகையும் தரும் மரமாதலால், அனுமதியின்றிப் பலாவை வெட்டுவதை 1951ஆம் ஆண்டின் சட்டமொன்று தடுக்கிறது.

பச்சைப் பலகையில் வேலை செய்யக் கூடாது. மகாவலிக் கரையின் ஈரக்காற்றில் இந்த விதி மிக முக்கியமானது. பலகைகளுக்கிடையே குச்சிகளை வைத்து, காற்று நுழையும்படி நிழலில் அடுக்க வேண்டும். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஏறத்தாழ ஓராண்டு என்பது பழைய கணக்கு. உலரும்போது மரம் சுருங்கும். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரேயளவாகச் சுருங்குவதில்லை. நீளவாட்டில் சுருக்கம் இல்லையென்றே சொல்லலாம். வளர்ச்சி வளையங்களின் போக்கில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் ஏற்படுவதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. பலகை வளைவதன் இரகசியம் இதுவே. பழைய கதவுகளில் நடுப்பலகையை ஒட்டாமல், சட்டத்தின் தவாளிப்பில் தளர்வாகச் செருகியிருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? மழைக்காலத்தில் பலகை விரியவும் கோடையில் ஒடுங்கவும் அங்கே இடம் விடப்பட்டிருக்கிறது. பௌதிகப் புத்தகத்தைத் தொடாத கைகள் கண்ட தீர்வு அது.

இரண்டாம் பாடம் கருவியைத் தீட்டுவது. உளியின் சாய்வு முகத்தை 25 பாகைக்கும் 30 பாகைக்கும் இடையில் வைத்து, மறுபக்கத்தில் நுண்ணிய பிசிறு விரலுக்குத் தட்டுப்படும் வரை கல்லில் தேய்க்க வேண்டும். பின்னர் தட்டை முகத்தைக் கல்லில் முழுவதும் படியவைத்து அப்பிசிறை நீக்க வேண்டும். மழுங்கிய உளியே கையை வெட்டும். ஏனெனில் அதை வேலை செய்விக்க அளவுக்கு மீறிய பலம் தேவைப்படுகிறது.

மூன்றாவது, அளவு. முதலில் ஒரு முகத்தைச் சமமாக இழைக்க வேண்டும். அதற்குச் செங்கோணத்தில் ஒரு விளிம்பைச் சீர்செய்ய வேண்டும். அதன்பின் எல்லா அளவையும் அவ்விரண்டிலிருந்தே எடுக்க வேண்டும். ஆளுக்கொரு பக்கத்திலிருந்து அளந்தால் மூட்டு ஒருநாளும் பொருந்தாது. பென்சில் கோட்டைவிடக் கத்தியால் கீறிய கோடு நம்பத்தக்கது. வாளைக் கோட்டின் மேல் ஓட்டாமல், கழித்துவிடும் பக்கத்தில் ஓட்ட வேண்டும். கழுந்தின் கனம் மரத்தின் கனத்தில் மூன்றில் ஒன்றாக இருப்பது நலம். கழுந்தை மெலிதாக்கினால் கழுந்து முறியும்; தடிப்பாக்கினால் துளையின் சுவர் பிளக்கும். ஒரு கழுந்தைத் துளையில் பொருத்திப் பார்க்கும் மாணவன் பின்னத்தையும் கோணத்தையும் பரீட்சைக்காகப் படிப்பதில்லை. பிழை அவன் கண்முன்னே இடைவெளியாக நிற்கிறது. அதை மறைக்க எந்தச் சொல்வன்மையும் உதவாது.

கெலிஓயாவிலிருந்து சில மைல் தூரத்தில் எம்பக்கே தேவாலயம் இருக்கிறது. கதிர்காமத் தெய்வத்துக்காக, கம்பளை இராசதானிக் காலத்தில், 14ஆம் நூற்றாண்டில் மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் அமைத்தது என்பர். அதன் மேளமண்டபத்து மரத்தூண்களை மாணவர்களோடு போய்ப் பார்த்தேன். மல்லர்கள், பின்னிய கழுத்துடைய அன்னங்கள், இருதலைப் பறவை, குதிரை வீரன், குழந்தைக்குப் பாலூட்டும் தாய். மன்னனின் கோயிலுக்குள் சாதாரண மக்களின் வாழ்வும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. எல்லோரும் சிற்பங்களை வியக்கிறார்கள். நான் மாணவர்களை அண்ணாந்து பார்க்கச் சொன்னேன். கூரையின் ஒரு முனையில் 26 கைமரங்கள் ஓரிடத்தில் வந்து கூடுகின்றன. அவை அனைத்தையும் பெரிய மர ஆப்பு ஒன்று பிணைத்து நிற்கிறது. 'மடொல் குருபாவ' என்று அதைச் சிங்களத்தில் அழைப்பர். அலங்காரமும் பொறியியலும் இரு வேறு துறைகளாகப் பிரிந்துவிடாத காலத்தின் சாட்சி அது.

அருகிலுள்ள கடலாதெனிய விகாரை 1344இல் எழுந்தது. அதன் சிற்பாசாரியின் பெயர் கணேசுவராசாரி, தென்னிந்தியர். பௌத்த விகாரைக்குத் திராவிடப் பாணியில் கல்லடுக்கிய அந்தக் கைகளை அன்று யாரும் அந்நியக் கைகள் என்று தள்ளவில்லை. 1948இல் மலையகத் தொழிலாளரின் பிரசாவுரிமையைப் பறித்த நாட்டில் வாழும் நாம் இதை நினைத்துப் பார்ப்பது தகும்.

இக்கைவினைகளை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் ஆனந்த குமாரசுவாமி. மத்தியகாலச் சிங்களக் கலையைப் பற்றிய அவருடைய பெருநூல் 1908இல் வெளிவந்தது. ஆங்கிலச் சோஷலிஸ்டான வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய கை அச்சுப்பொறியிலேயே அந்நூல் அச்சாயிற்று. உழைப்பில் மகிழ்ச்சி இருக்க வேண்டும் என்ற மொரிஸின் கொள்கையும் அப்பொறியோடு சேர்ந்து வந்தது எனலாம். ஆயினும் ஓரிடத்தில் நாம் குமாரசுவாமியோடு உடன்பட இயலாது. கைவினைஞனைப் பேணிய அரணாக அவர் சாதியமைப்பைக் கண்டார். அந்த அரணுக்கு வாசல் இருக்கவில்லை என்பதே நம் மறுப்பு. தச்சன் மகன் தச்சனாகவே பிறந்தான். மற்றவன் மகன் உளியைத் தொடுவதை இழிவென்று கற்றான்.

இந்த மறுப்பை எனக்கு உணர்த்தியது ஒரு புத்தகமன்று. என்னிடம் சனிக்கிழமை வரும் ஒரு மாணவனின் தாய் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். ஒருநாள் வந்து சொன்னார்: "சேர், நாங்க மூணு தலைமுறையா கையால வேலை செஞ்சது போதும். இவனாவது பேனை புடிக்கட்டும்." அவரை மறுத்துப் பேச என்னிடம் சொல் இருக்கவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பிராவில், தேயிலைப் பெட்டிப் பலகையை அடித்துச் செய்த தட்டில் புத்தகம் வைத்துப் படிக்கும் பிள்ளை அவன். அந்தத் தாய்க்குக் கைத்தொழில் என்பது விடுதலையன்று. விலங்கின் இன்னொரு கண்ணி.

அவருடைய அச்சத்துக்கு வரலாறு இருக்கிறது. 1953இல் சென்னை மாநிலத்தில் இராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றது. 'குலக்கல்வித் திட்டம்' என்று மக்கள் அதற்குப் பெயரிட்டு எதிர்த்தார்கள். 1954இல் முதலமைச்சரான காமராஜர் அதைக் கைவிட்டார். எதிர்ப்பு மரவேலைக்கு எதிரானதன்று. வக்கீல் மகன் வக்கீல் தொழிலையும், சலவைத் தொழிலாளி மகன் சலவைத் தொழிலையும் கற்பதற்குப் பெயர் தொழிற்கல்வி என்ற ஏமாற்றுக்கே எதிரானது.

நம் ஊர்ப்பக்கத்திலும் ஒரு முயற்சி நடந்தது. 1930களில், கெலிஓயாவுக்கு அண்மையிலுள்ள ஹந்தெஸ்ஸவில் கிராமியக் கல்வித் திட்டமொன்று உருவாகி, பயிர்ச்செய்கையையும் கைப்பணியையும் பாடசாலையோடு இணைக்க முயன்றது. அது நிலைக்கவில்லை. ஆங்கிலம் கற்றவனுக்கு உத்தியோகம். கைப்பணி கற்றவனுக்குக் கிராமம். இதைக் கண்ட பெற்றோர் எதைத் தேர்வார்கள்? மீண்டும் 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் தொழில் முன்னிலைப் பாடங்களை நாடெங்கும் புகுத்தியது. 1977இல் ஆட்சி மாறியதும் அச்சீர்திருத்தம் கலைக்கப்பட்டது.

இத்தோல்விகளிலிருந்து, பிள்ளைகளுக்குக் கைவேலை வேண்டாம் என்று முடிவு கட்டுவது தவறு. ஏழைப் பிள்ளைக்கு மட்டும் உளி, வசதியுள்ள பிள்ளைக்கு மட்டும் எழுதுகோல் என்ற பங்கீடே தோற்றது. தோற்க வேண்டியதும் அதுதான். கண்டி நகரத்துப் பெரிய கல்லூரியில் படிக்கும் வைத்தியர் மகளும், தோட்டப் பாடசாலையில் படிக்கும் தொழிலாளி மகனும் ஒரே வயதில், ஒரே பாடத்திட்டத்தில், ஒரே தரமான கருவிகளோடு கழுந்து செதுக்கக் கற்கட்டும். தோட்டப் பிள்ளையின் விஞ்ஞான ஆய்வுகூடத்தையும் நூலகத்தையும் குறைக்காமல் அது நடக்கட்டும். தேர்ந்த பாஸ்மார் ஆசிரியருக்குரிய ஊதியத்தோடும் மதிப்போடும் வகுப்பறைக்குள் வரட்டும். அப்பொழுது உளி சாதியின் அடையாளமாக இராது. பொது அறிவின் ஒரு பகுதியாகும்.

அந்தத் தாயிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "அம்மா, அவன் பேனையை ஒருநாளும் கீழே வைக்கப் போவதில்லை. வாரத்தில் ஐந்து நாட்கள் கணிதம் சொல்லித் தருகிறேன். ஆறாம் நாள் அந்தக் கணிதம் மரத்தில் எப்படி நிற்கிறது என்று காட்டுகிறேன். கலாசாலைக்குப் போகிறவனுக்கும் அது பாரமன்று." அவர் நெடுநேரம் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, மகன் செய்துகொண்டிருந்த சிறு முக்காலியைக் கையிலெடுத்து, கால்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். மூட்டு ஆடவில்லை.

"வீட்டுக்குக் கொண்டுவரலாமா, சேர்?" என்று கேட்டார். அது அவன் செய்த பொருள். எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்றேன். கொழுந்து பறித்த ஆயுளில், உழைத்துச் செய்த பொருள் உழைத்தவருக்கே சொந்தம் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.