கட்டைக்குக் கீழே உப்பு

"தண்ணி பட்ட பெறவு ஆன் பண்ணிப் பாத்தியளா தம்பி?"

மாப்பிள்ளையூரணியில் கீபோர்டு பழுதுபார்க்கும் அண்ணாச்சி என்னிடம் கேட்ட முதல் கேள்வி. பார்த்திருந்தோம், அதுவும் இரண்டு தடவை. அவர் ஒன்றும் சொல்லாமல் கீபோர்டைக் கவிழ்த்துத் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்தார். "நனைஞ்ச போர்டுல கரன்ட் ஓடுனா செம்பை அரிச்சிரும். சும்மா காய விட்டுக் கொண்டு வந்திருந்தா பாதி வேலை மிச்சம்."

2023 டிசம்பர் 17, 18 மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. தூத்துக்குடியின் தாழ்வான தெருக்களில் நாட்கணக்கில் தண்ணீர் நின்றது. என் தங்கை மகளின் கீபோர்டு கட்டிலுக்கு அடியில் இருந்தது. டவுனில் ஒரு கடையில் கொடுத்தோம். இரண்டு வாரம் வைத்திருந்து, ஒரு திருகைக்கூடத் தொடாமல், "போர்டு போயிட்டு, புதுசு எடுத்துக்கிடுங்க" என்றார்கள். கோயிலில் பாடகர் குழுவுக்கு வாசிக்கும் நண்பர்தான் என்னை இங்கே அனுப்பினார்.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. சுவரில் ஏழெட்டுக் கீபோர்டுகள் சாய்ந்து நின்றன. ஒவ்வொன்றிலும் ஒட்டுத்தாளில் ஒரு கோயில் பெயர். உப்பளக் காற்று நேராக உள்ளே வருகிறது. உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் செம்பில் பச்சைக் களிம்பு ஏற்றும். வெள்ளம் வராத வருடத்திலும் அண்ணாச்சிக்கு வேலை கொடுப்பது இந்தக் காற்றுதான்.

பாதிப் பழுதை அவர் கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடுகிறார். விளக்கு எரிகிறது, சத்தம் இல்லையா? ஹெட்போன் துளையைப் பார்ப்பார். அதற்குள் ஒரு மெல்லிய தகடு இருக்கிறது. ஹெட்போனைச் செருகினால் அது விலகி ஸ்பீக்கரை அடைத்துவிடும். களிம்பு ஏறினால் ஒன்றும் செருகாமலே ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். பத்துத் தடவை செருகி உருவினாலே பல கீபோர்டுகள் பேசிவிடுமாம்.

விளக்கே எரியவில்லையா? அடாப்டரைக் கேட்பார். பழைய கேசியோ பலவற்றுக்கு 9 வோல்ட், முனையின் நடுவில் மைனஸ். யமஹா பலவற்றுக்கு 12 வோல்ட், நடுவில் பிளஸ். முனை பெரும்பாலும் இரண்டிலும் நுழைந்துவிடுகிறது. ஒன்றின் அடாப்டரை மற்றதில் மாட்டிக் கருக்கிய கீபோர்டுகள் மூலையில் தனியாகக் கிடந்தன.

பனிமய மாதா திருவிழாவுக்கு ஜூலை 26-ல் கொடியேறும். அதற்கு இரண்டு நாள் முன்பு ஒரு பாடகர் குழு ஆட்டோவில் வந்து இறங்கியதாம். சுருதியே போய்விட்டது, பாட்டு எதுவும் சேரவில்லை என்று கையைப் பிசைந்திருக்கிறார்கள். யாரோ தெரியாமல் டிரான்ஸ்போஸை ஒரு கட்டை ஏற்றி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்திக் கொடுத்து அனுப்பினேன், காசு வாங்கவில்லை என்றார்.

எங்கள் கீபோர்டுக்கு வந்தார். கட்டைகளை நெம்பி எடுக்க அவர் கையிலெடுத்தது விரல் நீளப் பித்தளைத் தகடு, ஓரம் தேய்ந்து கண்ணாடிபோல் மின்னியது. அவருடைய அப்பாவின் தகடு. அப்பா ஆர்மோனியம் ரிப்பேர்க்காரர். ரீடைத் தூக்கி அடியில் படிந்த தூசியைச் சுரண்ட இதைத்தான் வைத்திருந்தார். மகன் ரேடியோ கற்றார், டிவி கற்றார். கோயில்களில் ஆர்மோனியம் பரணுக்குப் போய்க் கீபோர்டு வந்ததும் பழைய தகடு மறுபடி மேஜைக்கு வந்தது. "இரும்பு பட்டா கீறும். பித்தளை கோவப்படாது" என்றார். நான் வாங்கிப் பார்த்தேன். அவர் கட்டைவிரல் பதியும் இடத்தில் ஒரு பள்ளம். அது இரண்டு பேருடைய பள்ளம்.

கட்டைக்குக் கீழே ரப்பர் பட்டை. ஒவ்வொரு கட்டைக்கும் இரண்டு கரிப் பொட்டுகள், ஒன்று முந்தித் தொடும், ஒன்று பிந்தித் தொடும். அந்த இடைவெளி நேரத்தை வைத்துத்தான் விரல் மெதுவாக விழுந்ததா வேகமாக விழுந்ததா என்று சிப் கணிக்கிறது. பொட்டில் அழுக்கு சேர்ந்தால் கட்டை ஊமையாகும், அல்லது மெல்லத் தொட்டாலும் அலறும். ஒழுங்கான இடைவெளி விட்டுவிட்டுக் கட்டைகள் செத்திருந்தால் பொட்டின்மேல் குற்றமில்லை, நாடா ஒயரையோ போர்டின் செம்புத் தடத்தையோ பார்க்க வேண்டும்.

போர்டை அவர் தண்ணீரிலேயே கழுவியபோது பதறிவிட்டேன். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர், மெல்லிய பிரஷ். "உப்பை உப்பில்லாத தண்ணிதான் கூட்டிட்டுப் போவும்." பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், அப்புறம் மின்விசிறிக்கு அடியில் காயவைத்தார். அரித்துப்போன தடங்களுக்கு ஒயர் இழை வைத்துப் பற்றவைத்தார். அதில் ஒரு மத்தியானம் போனது.

விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கோயில் கீபோர்டுகள் இவரிடம் நேராக வருவதில்லை. டவுன் கடைகள் வழியாக வருகின்றன. ரசீதில் 'போர்டு மாற்றம்' என்று எழுதி ஆயிரக்கணக்கில் வாங்கும் கடை, பொட்டைத் துடைத்துச் சரிசெய்த இவர் கையில் சில நூறு வைக்கிறது. கிராமத்துச் சபை காணிக்கைப் பணத்தில் கொடுக்கும் காசு அது. இது கொள்ளை. கம்பெனிகளும் சர்க்யூட் படத்தைத் தருவதில்லை, ஒற்றை உதிரியைத் தருவதில்லை. பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தது, டிசம்பர் 24-ல் இணையதளம் திறந்தது. விவசாயக் கருவி, கைப்பேசி, வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என 4 துறைகளை முதலில் எடுத்துக்கொண்டார்கள். இசைக்கருவி அந்தப் பட்டியலில் இல்லை. இந்த முன்னறையில் நடக்கும் வேலைக்கு ஒரு சர்க்யூட் படம்கூடக் கிடைக்காது என்றால், அந்த உரிமை யாருக்காக?

சாயங்காலம் கீபோர்டு பேசியது. நடுவில் நான்கைந்து கட்டைகள் மட்டும் பேசவில்லை. அங்கே ரப்பரில் கரி தேய்ந்துபோயிருந்தது, புதுப் பட்டை எங்கும் கிடைக்காது. அண்ணாச்சி யோசிக்கவே இல்லை. தகட்டை விட்டு ஓரத்துக் கட்டைகளை நெம்பினார், அங்கிருந்த பட்டையை உருவி நடுவில் போட்டார், நடுவில் இருந்ததை ஓரத்துக்குத் தள்ளினார்.

"பிள்ளை இன்னும் அந்த ஓரம் வரைக்கும் போகலல்லா," என்றார். "அது போறதுக்குள்ள நான் ஒரு பட்டை தேடி வச்சிருதேன்."